குழந்தை இருக்கும் வீட்டின் மருந்துப் பெட்டி: எதை வைப்பது, எதை வெளியேற்றுவது?

எந்த வீட்டுக்குப் போனாலும் மருந்து இருக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான்: ஃப்ரிட்ஜின் தலை. பழைய பிஸ்கட் டப்பாவிலோ, துணிக்கடைப் பையிலோ எல்லாம் கலந்து கிடக்கும். பாதி வெட்டிய மாத்திரை அட்டைகள் இருக்கும். மாத்திரையின் பெயரும் காலாவதித் தேதியும் வெட்டின பாதியோடு போயிருக்கும். போன மழைக்காலத்தில் மூத்தவனுக்கு வாங்கிய சளி மருந்தின் மூடியைச் சுற்றிச் சர்க்கரை கெட்டியாகி எறும்பு மொய்த்திருக்கும். தண்ணீர் ஊற்றிக் கலக்கிய ஆன்டிபயாட்டிக் பாட்டிலின் அடியில் ஒரு விரல் அளவு மிச்சம். தாத்தாவின் சர்க்கரை மாத்திரை, பாட்டியின் பிரஷர் மாத்திரை, அம்மா கர்ப்பமாக இருந்தபோது ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த சிவப்பு நிற இரும்புச்சத்து மாத்திரை, யாருக்கோ கண் சிவந்தபோது வாங்கிய சொட்டு மருந்து. எது யாருடையது, எப்போது வாங்கியது என்பது வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரியும். அவர் வெளியூர் போனால் யாருக்கும் தெரியாது.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மருந்துப் பெட்டி என்றதும் என்னென்ன வாங்கி அடுக்க வேண்டும் என்றுதான் பெற்றோர் கேட்கிறார்கள். என் கருத்தில் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை, இருப்பதை வெளியேற்றுவது. குழந்தைக்கென்று வீட்டில் இருக்க வேண்டிய மருந்துகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். மிச்சமெல்லாம் தேவையில்லாதவை, அல்லது தப்பான கையில் சிக்கினால் உயிரை எடுப்பவை.

முதலில் எடை

பெட்டிக்குள் போக வேண்டிய முதல் பொருள் ஒரு துண்டுச் சீட்டு. அதில் குழந்தையின் எடையும், எடை பார்த்த தேதியும் இருக்க வேண்டும். குழந்தைகளுக்கு மருந்து அளப்பது எடையை வைத்துத்தான். ஒன்றரை வயதில் எட்டு கிலோ இருக்கும் பிள்ளையும் உண்டு, பன்னிரண்டு கிலோ இருக்கும் பிள்ளையும் உண்டு. இருவருக்கும் ஒரே அளவு ஊற்றினால் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்குக் கூடிப்போகும். எடை பார்க்கச் செலவும் கிடையாது. அங்கன்வாடியில் பார்க்கிறார்கள், தடுப்பூசிக்குப் போகும்போது செவிலியர் பார்த்து அட்டையில் எழுதித் தருகிறார். அந்த எண்ணைச் சீட்டில் ஏற்றிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

அடுத்தது காய்ச்சல் மருந்து. பாராசிட்டமால் ஒன்று மட்டும் போதும். ஒரு வேளைக்கு, ஒரு கிலோ எடைக்கு 15 மில்லிகிராம் என்பது கணக்கு. பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம். இந்தக் கணக்கில் குழப்பம் ஒன்றும் இல்லை. பாட்டிலுக்கு வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஏறக்குறைய ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில் மூன்று விதமாக இது வருகிறது. கைக்குழந்தைகளுக்கான டிராப்ஸில் 1 மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். சாதாரண சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 125. வீரியம் கூடிய சிரப்பில் 5 மில்லிக்கு 250. நம் பத்து கிலோ குழந்தைக்கு டிராப்ஸ் என்றால் ஒன்றரை மில்லி, 125 சிரப் என்றால் 6 மில்லி, 250 சிரப் என்றால் 3 மில்லி கொடுக்க வேண்டும்.

இப்போது ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. அக்காவுக்கு போன் போட்டால், "நான் அஞ்சு மில்லி குடுத்தேன், இறங்கிடுச்சு" என்கிறாள். அவள் சொன்னது சிரப். இங்கே பெட்டியில் இருப்பது டிராப்ஸ். அதில் 5 மில்லி என்பது 500 மில்லிகிராம். கொடுக்க வேண்டியதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். ஒருமுறை நடந்தால் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் என்று இரண்டு மூன்று நாள் ஓடினால் கல்லீரல் தாங்காது. கல்லீரல் கெடுவது முதல் நாளில் வெளியே தெரியாது என்பதுதான் இதில் பயங்கரம். அதனால் வீட்டில் ஒரே ஒரு வீரியம் மட்டும் இருக்கட்டும். கடையில் மாற்றிக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்து அதையே கேட்டு வாங்குங்கள். பாட்டிலின் மேல் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, "இன்னாருக்கு, இத்தனை கிலோ, இத்தனை மில்லி" என்று மார்க்கரில் எழுதுங்கள். யாருடைய போனும் தேவைப்படாது.

ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நடுவே குறைந்தது நான்கு மணி நேரம். ஆறு மணி நேரம் விடுவது இன்னும் நல்லது. 24 மணி நேரத்தில் நான்கு தரத்துக்கு மேல் கூடாது. கொடுத்த நேரத்தை உடனே எழுதி வையுங்கள். அம்மா கொடுத்தது தெரியாமல் அப்பா இன்னொரு வேளை கொடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. ஆசனவாயில் வைக்கும் மாத்திரையும் இதே பாராசிட்டமால்தான். வாய்வழி கொடுத்துவிட்டு உடனே அதையும் வைத்தால் இரட்டிப்பு அளவாகிவிடும். சளிக்கென்று விற்கும் பல கலவை மருந்துகளுக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கிறது. பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படிக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

அளக்க சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம். ஒரு வீட்டு ஸ்பூனில் மூன்று மில்லி பிடிக்கும், இன்னொரு வீட்டு ஸ்பூனில் ஆறு மில்லி பிடிக்கும். மருந்துக்கடையில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு ஒன்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கோடு கோடாக அளவு இருக்கும். சங்கில் ஊற்றி, குழந்தையைக் காலில் படுக்கப்போட்டு, மூக்கைப் பிடித்துப் புகட்டும் பழக்கத்தைப் பாட்டிகளிடம் பக்குவமாகச் சொல்லி நிறுத்த வேண்டும். திமிறி அழும் குழந்தை மூச்சை இழுக்கும்போது மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சின் நுனியைக் கன்னத்தின் உள்பக்கம் வைத்து, அரை அரை மில்லியாக விட்டால் குழந்தை தானாக விழுங்கும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று கட்டாயம் வேண்டும். நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்ப்பது போதாது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டும் அதற்கு மேலும்தான் காய்ச்சல். அதற்காக எண் ஏறியதுமே மருந்து ஊற்ற வேண்டும் என்றில்லை. 101 இருந்தும் ஓடி விளையாடுகிற குழந்தையை விட்டுவிடலாம். மருந்து குழந்தையின் சோர்வையும் வலியையும் தணிக்கத்தான். ஆனால் மூன்று மாதம் நிறையாத சிசுவுக்கு 100.4 தொட்டால் வீட்டில் எந்த மருந்தும் கொடுக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த வயதில் காய்ச்சல் மட்டுமே ரத்தத்தில் கிருமி பரவியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்.

பாராசிட்டமாலுக்கு இறங்கவில்லை என்று மெஃபெனமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் என்று அடுத்த பாட்டிலுக்குத் தாவுவது இப்போது சர்வ சாதாரணமாகிவிட்டது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டில் வரும் காய்ச்சலில் டெங்கு எது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது. டெங்குவில் தட்டணுக்கள் குறையும் நேரத்தில் இந்த வலி மருந்துகள் ரத்தக்கசிவைக் கூட்டும். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் வாங்கலாம். பெட்டியில் இருப்பு வைக்கக் கூடாது. குழந்தைகளுக்கு ஆஸ்பிரினும் வேண்டாம். நிமிசுலைடை 12 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்க 2011-லேயே இந்தியாவில் தடை வந்துவிட்டது. பெரியவர்களுக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை நசுக்கிக் கொடுக்கும் ஆபத்து மட்டும் இன்னும் போகவில்லை.

சளி மருந்து வேண்டாம்

2025 செப்டம்பர் தொடங்கி மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சின்னச் சின்னப் பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிறுநீர் நின்றுபோய் இறந்தார்கள். சாதாரணச் சளி, இருமல் என்று மருந்து வாங்கிக் குடித்த பிள்ளைகள். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அவர்கள் குடித்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில், சுங்குவார்சத்திரத்தில் தயாரானது. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை மாதிரி எடுத்துப் பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.1 சதவீதம். தொழிற்சாலைகளுக்கான கரைப்பான் அது. இனிக்கும், விலை குறைவு, சிறுநீரகத்தை அழித்துவிடும்.

இது முதல்முறையும் இல்லை. 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இதே விஷத்தால் இறந்து, அதனால் அங்கே மருந்துச் சட்டமே மாறியது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 2022-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியாவில், இந்தியாவிலிருந்து போன சிரப்பைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். இத்தனைக்குப் பிறகும் அது நம் ஊர் பாட்டிலில் இருந்தது என்பதை என்னால் ஆறி அமர்ந்து எழுத முடியவில்லை. குற்றம் செய்தவர்களும் கண்காணிக்கத் தவறியவர்களும் பொறுப்பேற்க வேண்டியது ஒரு பக்கம். அந்தப் பிள்ளைகளில் யாருக்காவது அந்தச் சிரப் உண்மையில் தேவைப்பட்டதா என்பது இன்னொரு பக்கம். சாதாரணச் சளி தானாகவே வடியும். ஐந்து வயதுக்குக் கீழே சளி சிரப்புகளால் பலன் இருப்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. தூக்கக் கலக்கம், படபடப்பு போன்ற பக்கவிளைவுகள் உண்டு.

அரசும் இதைச் சொல்லியிருக்கிறது. குளோர்ஃபெனிரமினும் ஃபெனைலெஃப்ரினும் சேர்ந்த கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரில் உத்தரவு வந்தது. இரண்டு வயதுக்குக் கீழே இருமல், சளி மருந்தே எழுத வேண்டாம், ஐந்து வயது வரைக்கும் பொதுவாகத் தேவையில்லை என்று 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. எனவே பெட்டியில் இருக்கும் சளி சிரப் பாட்டில்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். திறக்காத பாட்டிலும் போகட்டும்.

அந்த இடத்தில் உப்பு நீர் மூக்குச் சொட்டு மருந்து ஒன்று வையுங்கள். அதில் இருப்பது சுத்தமான தண்ணீரும் உப்பும் மட்டும். மூக்கடைத்துப் பால் குடிக்க முடியாத கைக்குழந்தைக்குப் பால் கொடுப்பதற்குச் சற்று முன்னால் இரண்டு சொட்டு விட்டால் சளி இளகி மூச்சு விடும். பெரியவர்கள் போடும் மூக்கடைப்பு மருந்தைச் சிசுவுக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமல் ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்தால் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஒரு வயது நிறையும்வரை தேன் நாக்கில் கூடப் படக் கூடாது. அதிலிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்து சிசுவின் குடலில் முளைத்து, நரம்புகளை முடக்கும் நஞ்சைச் சுரக்கும். பிறந்ததும் தேன் தொட்டுச் சேனை வைக்கும் வீடுகளில் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

இருமும் குழந்தைக்கு சிரப்பைவிடக் கடிகாரம் உதவும். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுக்க எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

ஓஆர்எஸ்: பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள்

பெட்டியில் கூடுதலாகவே இருந்தாலும் கெடுதல் இல்லாத பொருள் ஓஆர்எஸ் பொடி. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையைக் கடந்து பொங்காவ் முகாமுக்கு வந்த அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்ற சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. திலீப் மஹலநாபிஸ் என்ற வங்காள டாக்டர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே கோப்பை கோப்பையாகப் புகட்டச் சொன்னார். 30 சதவீதம் அளவில் இருந்த இறப்பு 4 சதவீதத்துக்குக் கீழே வந்தது. பேதியின்போதும், சோடியமும் குளுக்கோஸும் சரியான விகிதத்தில் சேர்ந்து வந்தால் குடல் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். மஹலநாபிஸ் 2022-ல் காலமானார். மறு ஆண்டு பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது.

அந்த விகிதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-ல் திருத்தியபடி, ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். கடைகளில் கலர் கலராக டெட்ரா பாக்கில் விற்ற பல பானங்கள் பெயரில் மட்டும் ஓஆர்எஸ்ஸை வைத்துக்கொண்டு, இதைப் போலப் பல மடங்கு சர்க்கரையோடு இருந்தன. அவ்வளவு சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் விடாமல் போராடியதன் பிறகு, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களின் பெயரில் ஓஆர்எஸ் என்ற எழுத்துகள் வரக் கூடாது என்று உத்தரவிட்டது. வாங்கும்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலா என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கிராம சுகாதாரச் செவிலியரிடமும் இலவசமாகவே கிடைக்கும்.

பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 200 மில்லிக்கானதும் உண்டு. ஒரு லிட்டர் பாக்கெட்டைப் பிரித்து டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குவது தப்பு; உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு வலிப்பே வரலாம். முழுப் பாக்கெட்டையும் சொன்ன அளவுத் தண்ணீரில் ஒரேயடியாகக் கரைத்து, 24 மணி நேரத்தில் மீந்ததைக் கொட்டிவிட வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒவ்வொரு தடவை பேதியானதும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. உப்புப் போட்ட அரிசிக் கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் கொடுக்கலாம்.

கூடவே ஜிங்க் மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம்வரை 10. பேதி மூன்றாம் நாளே நின்றாலும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். குடல் சீக்கிரம் ஆறும், அடுத்த சில மாதங்களுக்குப் பேதி திரும்புவதும் குறையும். பெரியவர்கள் போடும் லோப்பரமைடு மாதிரியான பேதி நிறுத்தும் மாத்திரை குழந்தைக்கு ஆகாது. குடலின் அசைவே நின்று வயிறு உப்பிவிடும். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் உள்ளே போய்விட்டது, குடிக்க முடியவில்லை, மலத்தில் ரத்தம், எழுப்பினாலும் துவண்டு விழுகிறது என்றால் ஓஆர்எஸ்ஸோடு வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

மிச்ச ஆன்டிபயாட்டிக்கைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. கலக்கிய பொடி மருந்துக்கு ஆயுள் ஏறக்குறைய ஒரு வாரம். லேபிளில் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்று பொருள். போன தடவைக்குக் கேட்டதே என்று அதே பாட்டிலை இந்தத் தடவையும் கொடுப்பதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

தாத்தாவின் மாத்திரை

குழந்தையின் மருந்துகளைப் பற்றி இவ்வளவு கவலைப்படும் வீடுகள்கூட, பெரியவர்களின் மருந்துகளைக் கவனிப்பதில்லை. எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. நல்ல திட்டம், எத்தனையோ பெரியவர்களின் மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அது தடுக்கும். அந்த மாத்திரைகள் வீட்டுக்குள் வந்ததும் எங்கே போய் உட்காருகின்றன என்று பாருங்கள். கட்டில் ஓரம், டி.வி. ஸ்டாண்டு, தாத்தாவின் சட்டைப்பை, தலையணைக்கு அடியில் இருக்கும் சுருக்குப்பை. எல்லாமே தவழும் குழந்தையின் உயரம்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், ஒன்றரை வயதுக் குழந்தையின் ரத்தச் சர்க்கரை மூளை இயங்க முடியாத அளவுக்கு இறங்க. அது உடனே இறங்காமல், பல மணி நேரம் கழித்துத் தூக்கத்திலும் இறங்கலாம். அதனால் குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று விட்டுவிடக் கூடாது. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்ப்பார்கள். ரத்தக் கொதிப்புக்கான அம்லோடிபின், அட்டெனலால் மாத்திரைகளும் அதே மாதிரி ஆபத்தானவை.

இரும்புச்சத்து மாத்திரையை யாரும் விஷமாக நினைப்பதில்லை. கர்ப்பிணிகளுக்குத் தரும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். இரண்டாவது பிள்ளையைச் சுமக்கும் தாயின் வீட்டில், முதல் பிள்ளைக்கு அப்போது ஒன்றரை இரண்டு வயது இருக்கும். எல்லாவற்றையும் வாயில் போடும் வயது. பத்து கிலோ குழந்தை பத்து மாத்திரை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்று நான்கு மாத்திரையே வாந்தியையும் வயிற்று வலியையும் கொண்டுவரும். வாந்தி நின்று குழந்தை தெளிந்தது போலத் தோன்றும் ஒரு இடைவேளை இதில் உண்டு. அதை நம்பி ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போட்டால் அடுத்த நாள் கல்லீரலே கெட்டிருக்கலாம்.

பூஜை அலமாரியில் இருக்கும் கற்பூரமும் இந்த வரிசையில்தான் வருகிறது. ஒரு கிராம் அளவே சின்னக் குழந்தையின் உயிரைப் பறிக்கலாம். விழுங்கிய சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிச் சிசுவின் நெஞ்சில் தேய்ப்பதையும், கற்பூரம் கலந்த தைலத்தை இரண்டு வயதுக்குள் மூக்கருகே பூசுவதையும் விட்டுவிடுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெய், கழிவறை ஆசிட், எலி பேஸ்ட், பொம்மையிலிருந்து கழன்ற வட்ட பேட்டரி எல்லாவற்றுக்கும் ஒரே விதி: குழந்தையின் கைக்கு எட்டாமலும் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்க வேண்டும். வட்ட பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்தில் தசையை அரித்துவிடும். எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும்.

எதையாவது விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் கொடுத்தோ, தொண்டையில் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மண்ணெண்ணெயோ ஆசிடோ வெளியே வரும்போது இன்னொரு முறை சுடும், நுரையீரலுக்கும் போகும். வாயில் மிச்சம் இருப்பதைத் துடைத்து எடுங்கள். மாத்திரை அட்டையையோ பாட்டிலையோ கையோடு கொண்டுபோங்கள். எத்தனை மாத்திரை குறைகிறது என்று எண்ணிச் சொல்வது டாக்டருக்குப் பெரிய உதவி. ஆம்புலன்ஸுக்கு 108. டெல்லி எய்ம்ஸில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இரவு பகல் எந்நேரமும் கேட்கலாம். தமிழ்நாட்டில் பொதுவான மருத்துவ ஆலோசனைக்கு 104. இந்த எண்களோடு உங்கள் டாக்டரின் எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மூடியில் உள்பக்கமாக ஒட்டுங்கள்.

காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் அதிகம் ஒன்றும் வேண்டாம். சுத்தமான காஸ் துணி, பேண்டேஜ், ஒட்டும் டேப், சின்ன கத்தரிக்கோல், ஒரு சோப்பு. சாதாரணச் சிராய்ப்பைச் சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினாலே ஆறும். நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே தடுப்பூசிக்குப் போக வேண்டும். கொதிக்கும் ரசமோ காபியோ கொட்டிவிட்டால் குழாயைத் திறந்து இருபது நிமிடம் தண்ணீரைக் காட்டுங்கள். பற்பசை, இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். காய்ச்சலோடு வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் ஸ்பூனோ தண்ணீரோ கூடாது, கையில் இரும்புச் சாவி திணிப்பதால் பயனில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

இனி இடம். ஃப்ரிட்ஜின் தலை சூடான இடம். நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறும் மூன்று வயதுக்காரனுக்கு எட்டும் இடமும்கூட. அடுப்புக்கு மேலே இருக்கும் தட்டும் குளியலறையும் அதைவிட மோசம். பெரும்பாலான மருந்துகளை 30 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் அதற்குப் படுக்கையறை பீரோவின் மேல்தட்டுதான் சரி. பூட்டுப் போடும் சின்ன எவர்சில்வர் அல்லது தகர டப்பா இரண்டு வாங்குங்கள், குழந்தைக்கு ஒன்று, பெரியவர்களுக்கு ஒன்று. மாத்திரையைக் குழந்தையின் கண்ணெதிரே முழுங்காதீர்கள். மருந்தை மிட்டாய் என்று சொல்லிக் கொடுக்கவும் வேண்டாம். அட்டையை வெட்டும்போது தேதி இருக்கும் பக்கத்தைக் கடைசிவரை விட்டுவையுங்கள். சிரப்பைத் திறந்த அன்றே தேதியை எழுதி, ஒரு மாதத்துக்குப் பிறகு வைத்திருக்காதீர்கள்; கண் சொட்டு மருந்துக்கும் அதுவே கணக்கு.

வெளியேற்றியதை அப்படியே குப்பைத்தொட்டியில் போட்டால் தூய்மைப் பணியாளரின் கைக்கோ, தெருவில் விளையாடும் இன்னொரு குழந்தையின் கைக்கோ போகும். கேரளத்தில் 2025-ல் கோழிக்கோட்டில் தொடங்கி, வீட்டில் மீந்த மருந்துகளை அரசே சேகரிக்கிறது. தமிழ்நாட்டிலும் முதல்வர் மருந்தகங்களில் ஒரு பெட்டி வைத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும். அதுவரைக்கும் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, காபித்தூள் சக்கையிலோ மண்ணிலோ கலந்து, கவரில் இறுக்கிக் கட்டிப் போடுங்கள். சாக்கடையில் ஊற்ற வேண்டாம்.

பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பாட்டி வீட்டுக்குப் போகும்போது குழந்தையின் டப்பாவும் உடன் போக வேண்டும். காய்ச்சல் மருந்து, சிரிஞ்சு, தெர்மாமீட்டர், மூக்குச் சொட்டு மருந்து, நான்கு ஓஆர்எஸ் பாக்கெட், ஜிங்க் அட்டை, எடைச் சீட்டு. பிள்ளைகள் இல்லாத வீட்டில் பெரியவர்கள் மாத்திரையை எங்கு வேண்டுமானாலும் வைத்துப் பழகியிருப்பார்கள். போய் இறங்கி, குழந்தையைத் தரையில் விடுவதற்கு முன், "அப்பா, உங்க சர்க்கரை மாத்திரை எங்க வெச்சிருக்கீங்க?" என்று கேட்டு, அதை மேலே எடுத்து வையுங்கள். தலையணைக்கு அடியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.